நடுவில் மாட்டிக்கொண்ட துகள்

ஊசி முனையில் தொங்கிய மருந்துக் கரைசல் துளியை மின்சாரம் பிடித்து இழுத்தது. துளி பறந்து, தட்டில் விழுவதற்குள் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உருண்டையாகிவிட்டது. வெளியே மெல்ல மெல்லக் கரையும் பாலிமர் ஓடு, உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு மருந்துத் துகள்கள். அதில் ஒன்று, பாவம், நட்டநடுவில் மாட்டிக்கொண்டது.

ஊசி வழியாக அந்த உருண்டை ஒரு முழங்காலுக்குள் போய்ச் சேர்ந்தது. முழங்கால் ஓயாமல் முனகியது. கேட்கக் கேட்க நடுத்துகளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“என்னை விடேன்க்கா! அது கூப்பிடுது.”

“உன் முறை வரட்டும்டா” என்ற ஓடு, தன் உடம்பில் கொஞ்சம் கரைத்து, ஓரத்திலிருந்த நாலைந்து பேருக்கு மட்டும் வழிவிட்டது.

பக்கத்து உருண்டை, அன்றைக்குச் சரியாகக் காயாமலே தட்டில் விழுந்திருந்த ஒன்று. முதல் நாளே அதன் ஓடு பொத்துக்கொள்ள, அத்தனை பேரும் ஹோவென்று ஓடினார்கள். நடுத்துகள் பொறாமையில் வெந்தது. மூன்றாம் நாள் முழங்கால் மறுபடி முனகியபோது அங்கிருந்து வர ஆளில்லை. அக்காதான் நாலைந்து பேரை அனுப்பியது.

நாளாக நாளாகக் கூட்டம் குறைந்தது. அக்காவின் குரலும் தேய்ந்தது. வெளியே போகிற அவசரத்தில் துகள் அதைக் கவனிக்கவில்லை.

முப்பதாம் நாள், “போடா கண்ணு” என்றது ஓடு.

துகள் ஒரே பாய்ச்சலாகப் போய் வலியைத் தொட்டது. முழங்கால் முனகாமல் ஒரு படி ஏறியது.

“பார்த்தியாக்கா!” என்று துகள் திரும்பியது.

அங்கே வெறும் ஈரம்தான் இருந்தது.

துகள் இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தது.