பிரமுகர் வந்த வாசல்

தோப்பில் எந்த விசேஷம் நடந்தாலும் மயிலார்தான் முதல் வரிசை. தோகையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றுவார், நாலு பேரை நலம் விசாரிப்பார், கிளம்பிவிடுவார். மைனா அவரைப் 'பிரமுகர்' என்றுதான் சொல்லும்.

"பிரமுகர்னா என்னக்கா? வேலை வெட்டி இல்லாதவரா?" என்று கேட்டுச் சிரிப்பாள் அணில் செங்கமலம்.

"அவர் வர்றதே ஒரு வேலைதாண்டி!" என்று மைனா முறைக்கும்.

செங்கமலம் தன் குட்டிக்குப் பேர் வைக்க நாள் குறித்துத் தோப்பு முழுக்க அழைத்திருந்தாள். அன்றைக்குப் பார்த்து மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. நறுக்கி வைத்த கொய்யாப்பழம் அப்படியே கிடந்தது. ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. குட்டியை அணைத்தபடி செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மயிலார் வந்தார். தொப்பலாக நனைந்த தோகை சேற்றில் இழுபட்டது.

"மன்னிக்கணும்மா. தோகை கனக்குது, வேகமா நடக்க முடியல. குழந்தைக்கு என்ன பேர்?"

"பூவாயி," என்றாள் அவள்.

நனைந்த தோகையை விரிக்க முடியாத மயிலார், கழுத்தை நீட்டித் தோப்பே அதிர அந்தப் பேரைக் கூவினார். பொந்துகளில் ஒடுங்கியிருந்தவர்கள் தலையை நீட்டினார்கள். "பிரமுகரே நனைஞ்சுகிட்டு வந்திருக்கார், நமக்கென்ன கேடு?" என்று ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கொய்யாப்பழம் போதவில்லை.

மறுநாள் காலையில் செங்கமலம் வாசலைப் பெருக்கினாள். சேற்றில் பதிந்திருந்த எல்லார் காலடியையும் அழித்தவள், தோகை இழுபட்ட நீளத் தடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனாள்.