மூன்றும் ஒன்பதும்

உப்பளத்தை ஒட்டிய அந்த மருத்துவமனையில், வலிக்கருவி ஐந்துக்கு மேல் காட்டினால்தான் மருந்து. நோயாளியின் முகத்தையும் நாடியையும் பார்த்து அது எண் சொல்லும். முழங்கால் வலியோடு வந்த, உப்பு வாரும் செல்லக்கனிக்கு நாலாவது தடவையாக மூன்று என்றே சொன்னது.

அன்று கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்தவள் ஷாஹிதா, இரண்டாம் ஆண்டு மாணவி. நோயாளியின் வலியை ஒரு நிமிடம் தானும் உணர்ந்து பார்ப்பது அவளுடைய பாடங்களில் ஒன்று. இருவர் மணிக்கட்டிலும் வலியைக் கடத்தும் பட்டை மாட்டினார்கள்.

பத்து விநாடிகூட ஆகவில்லை. ஷாஹிதா தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "உம்மா!" என்று அலறிவிட்டாள்.

செல்லக்கனி பதறிப்போய் அவள் பட்டையை உருவி எறிந்தாள். "பச்சப்புள்ளைய இப்படியா படுத்துவீக?" என்று டாக்டரிடம் சத்தம் போட்டுவிட்டு, முந்தானையால் ஷாஹிதாவின் கண்ணைத் துடைத்தாள்.

கருவி ஷாஹிதாவையும் பார்த்திருந்தது. ஒன்பது என்றது.

"ஒரே வலிதான தாயி, ஒனக்கு மட்டும் ஒம்போதா?"

"நீங்க முகம் சுளிக்கலக்கா. அதான் அதுக்குத் தெரியல."

"சுளிச்சிக்கிட்டு நின்னா வேல ஓடுமா? இருவது வருசமா உப்புப் பாத்தியில நிக்கேன்."

டாக்டர் சீட்டில் மூன்றை அடித்து ஒன்பது என்று எழுதி, மருந்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஷாஹிதா குனிந்து செல்லக்கனியின் முழங்காலில் கை வைத்தாள். "ரொம்ப வலிக்குதாக்கா?"

இதுவரை எல்லோரும் கருவியைத்தான் கேட்டிருந்தார்கள். செல்லக்கனிக்கு உதடு துடித்தது.

"ஆமா தாயி," என்றாள். "ரொம்ப வலிக்கி."