ஊறுகாய் அலமாரி

வீடு திடீரென்று அலறியது. கோமதிநாயகம் கையிலிருந்த காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"சர்க்கரை உங்கள் சிறுநீரகத்தைப் பாதித்துவிட்டது. சிறுநீரில் புரதம் கசிகிறது" என்றது போன வாரம்தான் பொருத்திய கழிவறைக் கருவி. உடனே சமையலறையில் ஊறுகாய் அலமாரி தானாகப் பூட்டிக்கொண்டது.

அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்த வீட்டில் அவர் ஒண்டிக்கட்டை. சர்க்கரை வியாதியோ அவர் பரம்பரையிலேயே கிடையாது. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே சார்!" என்று அவரைவிட அதிகமாகக் குழம்பினார்.

சாயங்காலம் வழக்கம்போல் மாடி வீட்டு அய்யாத்துரை கேரம் ஆட வந்தார். இருபது வருடச் சர்க்கரைக்காரர். கோமதிநாயகம் நடந்ததைச் சொல்லிச் சிரித்தார்.

"மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டுவே! இப்படியே விட்டா ரெண்டு வருசத்துல என் கிட்னி போயிருமாம்."

அய்யாத்துரை சிரிக்கவில்லை. ஸ்ட்ரைக்கரைச் சுண்டப்போன விரல் அப்படியே நின்றது. வீங்கியிருந்த பாதங்களை மெதுவாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"எங்க வீட்டு கக்கூஸ்ல போனா ஊறுகாயைப் பூட்டிருதுன்னு, ஆறு மாசமா நான் உம்ம வீட்டுலதாம்வே போறேன்."