நாற்பத்து மூன்றாவது ஆள்

"ரோபோ தானா ஒண்ணும் பண்ணாது அங்கிள். டாக்டர்தான் உக்காந்து ஓட்டுவாரு. பயப்படாம கையெழுத்துப் போடுங்க லா."

புனிதா இதைச் சொல்வது நான்காவது முறை. மேருவில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருந்தவளை அன்று காலைதான் கிள்ளானில் இந்தப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றியிருந்தார்கள். முதல் நாளே கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக ஒரு நோயாளி வாய்ப்பார் என்று யார் கண்டது? கால் வலித்தது. தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

கட்டிலில் சண்முகரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். புராஸ்டேட்டில் புற்றுநோய். மதியம் இரண்டு மணிக்கு அறுவை சிகிச்சை. ஒப்புதல் படிவம் காலையிலிருந்து அவர் மார்பின்மேல் கிடந்தது.

"ஏற்கெனவே ரெண்டு தடவை இப்படித்தான் எழுந்து வீட்டுக்கு வந்துட்டாரு மிஸ்ஸி," என்றாள் மனைவி ராஜினி. அழுது அழுது அவள் குரல் தேய்ந்திருந்தது. "இன்னும் தள்ளிப்போட்டா பரவிடும்னு சொல்றாங்க. எனக்கும் கெஞ்சித் தெம்பு போச்சு."

பாவமாக இருந்தது. புனிதா மறுபடி தொடங்கினாள்.

"வயித்தைப் பெருசாக் கிழிக்க மாட்டாங்க அங்கிள். ஆறு சின்ன ஓட்டைதான். உள்ள போற கருவி நம்ம மணிக்கட்டை விட நல்லாத் திரும்பும்."

"தெரியும்மா. யாரு ஓட்டுறா?"

"டாக்டர் கிஷன். நாப்பது பேருக்குப் பண்ணியிருக்காரு."

"நாப்பத்திரெண்டு."

எல்லாவற்றையும் விசாரித்து வைத்துக்கொண்டுதான் மனிதர் அடம்பிடிக்கிறார். புனிதாவுக்கு எரிச்சல் மூண்டது.

"உண்மையச் சொல்லட்டா அங்கிள்? அவருக்கும் பயம்தான். காலையில இருந்து காப்பிகூடக் குடிக்கல. உங்க பேரைச் சொன்னாலே வேர்க்குது அவருக்கு."

சண்முகரத்தினம் கண்ணைத் திறந்தார்.

"சரி, அவரு வேணாம். இந்த ஆஸ்பத்திரியில இதை ரொம்ப நல்லாப் பண்றவரு யாருன்னு விசாரிச்சிட்டு வரேன். அவரே பண்ணட்டும்."

அந்த அசதியிலும் ராஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"விசாரிக்க வேணாம் மிஸ்ஸி. அந்த மெஷின்ல முன்னூறு பேருக்குப் பண்ணினவரு, டாக்டர் கிஷனுக்கே கத்துக்கொடுத்தவரு, இந்தக் கட்டில்லதான் படுத்திருக்காரு."

சண்முகரத்தினம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "கிஷனைக் காப்பி குடிச்சிட்டு வரச் சொல்லும்மா. கை நடுங்கினாலும் பரவால்ல, அந்த நடுக்கத்தை மெஷின் உள்ள விடாது."