பரமக்குடி ரஞ்சிதம்

மாப்பிள்ளை வருமுன் சீர் வாசித்தபோது மணமேடையில் இருந்தவர்கள் என் தங்கை சொர்ணம், அவள் கணவர் நல்லமுத்து, அவர்கள் மகளான மணப்பெண் பூங்கொடி, என் மனைவி திலகவதி, தாய்மாமனாகிய நான், மைக் பிடித்த பங்காளி வீரபாகு. யாருடைய வயிற்றெரிச்சலும் சீர்ச்சேலையில் கலக்கக் கூடாதென்று, நெய்தவருக்கு நியாயமான கூலி கொடுக்கும் கடையைத் தேடி வாங்கியிருந்தேன். நெய்தவரின் படமும் பெயரும் ஊரும் போட்ட அட்டையைக் கடைக்காரர்களே மடிப்பில் செருகித் தருகிறார்கள். வீரபாகு அதைச் சீர் செய்தவர் பெயரென்று எடுத்துக்கொண்டார். “பரமக்குடி ரஞ்சிதம் அவர்கள், பட்டுச்சேலை ஒன்று!”

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

“யாருங்க அது?” என்றாள் திலகவதி.

“சேலைய நெய்தவங்க.”

“நெய்தவங்க எதுக்கு உங்க தட்டுல உக்காந்து சிரிக்கிறாங்க?”

அட்டையை எடுத்துக் காட்டுவதற்குள் நல்லமுத்து, தாய்மாமனுக்குரிய முதல் தாம்பூலத்தை என் கையில் வைத்தார். “மச்சான், ரஞ்சிதம் அம்மாகிட்ட சேத்துருங்க.” சபையில் ஒருவர் பேரைச் சொல்லிக் கொடுத்த மரியாதையை எங்கள் குடும்பத்தில் யாரும் தமக்கென்று வைத்துக்கொண்டதில்லை.

அந்தத் தாம்பூலப் பையோடு நான் பரமக்குடிக்குப் பஸ் ஏறியதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. தபாலில்தான் அனுப்பினேன்.