எலியேசரின் நாற்காலி

"ஒப்பந்தத்தை நீட்டிக்கலன்னா என்ன பண்ணுவீங்க?"

"திரும்பி வந்து உன் ரசத்தைக் குறை சொல்லிட்டு உட்கார்ந்திருப்பேன்."

1952இல் மைசூர் ரயில் நிலையத்தில் ரோசலினும் அவள் கணவர் எலியேசரும் பேசிச் சிரித்தது இது. அவர் ஆங்கிலம் கற்பிக்க எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவுக்குப் போனார். ஒவ்வொரு வருஷமும் வேலை போய்விடும் போலிருக்கும். கடைசி வாரத்தில் இன்னொரு வருஷம் கிடைக்கும்.

இரண்டாம் வருஷம், நீட்டித்துவிட்டார்கள் என்று அவரிடமிருந்து தந்தி வந்த அன்று மாலை, எலியேசர் வீட்டுக்குள் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ரசத்தில் உப்பு குறைவு என்றார். ரோசலின் தந்தியைக் காட்டினாள்.

"நல்லதாப் போச்சு. சம்பளம் வரும்" என்று சொல்லிவிட்டு, மகள் மோலிக்குப் பாடம் சொல்லித்தரப் போனார்.

அதன்பிறகு அவர் எங்கேயும் போகவில்லை. அடிஸ் அபாபாவில் இருந்த எலியேசரிடமிருந்து பணமும் கடிதமும் தவறாமல் வந்தன.

மூன்று வருஷம் கழித்து வாசலில் ஒரு ஜட்கா நின்றது. இளைத்துக் கறுத்த எலியேசர் தகரப் பெட்டியோடு இறங்கினார்.

"இந்தத் தடவை நீட்டிக்கல, ரோசலின். இனிமே உன்னோடதான்."

உள்ளே மோலி சிரித்தாள். அவளுடைய உச்சரிப்பைத் திருத்தும் தன் குரலையே கேட்டு, அவர் பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றார்.

ரோசலின் வெளிக்கதவைத் திறக்கவில்லை. மூன்று வருஷமாக எந்தக் கடிதத்திலும் எழுதத் துணியாததை மெல்லச் சொன்னாள்.

"இன்னும் ஒரு வருஷம் கேட்டுப் பாருங்களேன்."