சாக்கு மூடிய மோட்டார்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துமூன்று, சித்திரை. கரண்ட் போன தறிக்கொட்டகையில் தகரக் கூரை ஓட்டை வழியே வெயில் விழுகிறது. பி.எஸ்சி. முடித்த சங்கரம்மாள் தறிப்பட்டறைக்காரர்களை மூன்றாவது ஞாயிறாகக் கூட்டியிருக்கிறாள். தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் எல்லாப் பட்டறையும் பிழைக்கும் என்று நம்புகிறாள். இன்றும் இவர்கள் வாய் திறக்காவிட்டால் இனிக் கூட்டம் கிடையாது. வோல்டேஜ் குறைந்தாலும் மோட்டார் கருகாமலிருக்க ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். அடுத்த பட்டறைக்காரன் தலை தெரிந்தால் மோட்டார்மேல் சாக்கைப் போடுகிறவர்கள். "சொல்லுங்கண்ணே" என்கிறாள். "சௌடையா மொதல்ல சொல்லட்டும்" என்கிறார் பந்தல்குடி வேங்கடபதி. "நான் சொன்னா நாளைக்கே நீரு அத உம்ம பேர்ல போர்டு மாட்டிருவீரு" என்று சௌடையா வேட்டியால் கழுத்தைத் துடைக்கிறார். "சாக்குக்குள்ளயே வச்சு அழுகவிடுங்க" என்கிறாள் சங்கரம்மாள். யாருக்கும் கோபம் வரவில்லை. வேங்கடபதி மட்டும் மெதுவாகக் கேட்கிறார்: "வோல்டேஜ் குறைஞ்சா மோட்டாரைத் தானா நிப்பாட்டுற பெட்டி ஒண்ணு செஞ்சு வச்சிருக்கியாமே தாயி. அதக் கொண்டாரலையா?" பெஞ்சின் விளிம்பை அவள் விரல்கள் பிடித்துக்கொள்கின்றன. "அது இன்னும் முடியலண்ணே." சௌடையா அலுப்போடு தலையாட்டுகிறார். "எங்களதும் இன்னும் முடியல தாயி."